சான்றுப்பொருள்: நூற்று நாற்பத்து நான்கு கட்டைகள்

புதுக்கோட்டையில் எல்லைக்கல் மேற்பார்வை அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. வயலுக்கும் வயலுக்கும் நடுவே நட்ட கல், நட்ட இடத்திலேயே நிற்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. கல் பாட்டுக்கு நிற்கும். எவனாவது பிடுங்கினால் போய்விடும். இந்த இரண்டுக்கும் அலுவலகத்துக்கும் சம்பந்தம் கிடையாது. இருந்தாலும் ஒரு துணை இயக்குநர், ஒரு கண்காணிப்பாளர், பதினாறு பணியாளர்கள், ஓடாத ஜீப் ஒன்று, அந்த ஜீப்புக்கு ஓட்டுநர் ஒருவர் என்று குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஆரோக்கியம்மாள் அங்கே உதவியாளர். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து முப்பத்து நாலு வருஷமாகப் பஸ்ஸில் வந்து போகிறவள். மே முப்பத்தொன்றில் ஓய்வு. ஜூன் இரண்டாம் தேதி திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு டிக்கெட். அங்கே மகள் ஷர்லிக்கு எட்டாம் தேதி பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். போன தடவை ஏழாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அப்போது மகளிடம் போய் இருக்க லீவும், வெளிநாடு போக அனுமதியும் கேட்டு ஆரோக்கியம்மாள் எழுதிய விண்ணப்பம் இன்றைக்கும் சென்னையில் பரிசீலனையில் இருக்கிறது. அரசு ஊழியர்தான் அனுமதி கேட்க வேண்டும். ஓய்வு பெற்றுவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு நாளுக்காக அவள் காலண்டரில் தேதி கிழிக்கும்போது இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்து, பிறகு அசடு வழிய ஒன்றைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தாள்.

மே ஆறாம் தேதி இணை இயக்குநர் சிவசாமி சென்னையிலிருந்து திடீர் ஆய்வுக்கு வந்தார். திடீர் ஆய்வு என்பதால் பத்து நாளுக்கு முன்பே கடிதம் போட்டிருந்தார். அவர் வருகிறார் என்று அலுவலகத்தில் இருந்த கம்ப்யூட்டர் அத்தனையையும் போட்டு வைத்தார்கள். ஆரோக்கியம்மாளின் மேஜையில் இருந்ததையும் போட்டார்கள். அது முதலில் துணை இயக்குநர் அறையில் வாழ்ந்தது. வேகம் குறைந்ததும் கண்காணிப்பாளருக்கு வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான பிறகு ஆரோக்கியம்மாளிடம் வந்து சேர்ந்தது. அவள் அதன் மேல் துண்டைப் போட்டு மூடி, பக்கத்தில் சாப்பாட்டுப் பையை வைப்பாள். அவளுக்கு எல்லாமே பேரேடுதான்.

துண்டை எடுத்துப் போட்டதும் திரையில் ஒரு குவியல் தெரிந்தது. சின்னச் சின்னச் சதுரக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம்: வட்டம், மூங்கில், பூ, புரியாத சீன எழுத்து. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தது. எந்தக் காலத்து அதிகாரி ஏற்றி வைத்ததோ, போட்டவுடன் அதுவாக வந்து நின்றது. அணைக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

சிவசாமி பேரேட்டைப் பார்க்கக் குனிந்தார். கை வழுக்கி மவுஸின் மேல் விழுந்தது. 'டக்' என்று ஒரு கட்டை மின்னியது. பதறிக் கையை இழுத்தார். இன்னொரு 'டக்'. இரண்டு கட்டைகள் காணாமல் போயின.

"என்னம்மா இது?"

"தெரியலீங்க சார்."

"ரெண்டு கட்டை இருந்துச்சே, எங்க?"

"நீங்க கை வச்சீங்க சார். அதுல..."

சிவசாமி நிமிர்ந்தார். அலுவலகமே எழுந்து நின்றது.

"எல்லைக்கல்லக் காக்குற ஆபீஸ்ல, என் கண்ணு முன்னாடி ரெண்டு கல் காணாமப் போகுது. கேட்டா என் கை மேல பழியப் போடுறாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் எந்த வேலையிலயும் கை வச்சதே இல்லங்கிறது டிபார்ட்மெண்டுக்கே தெரியும்!"

மறுநாளே குற்றக் குறிப்பாணை வந்தது. தாங்கள் அலுவலக நேரத்தில், அரசுக்குச் சொந்தமான கணினியில், கட்டைகளை ஜோடி சேர்த்து நீக்கும் விளையாட்டில் ஈடுபட்டு, அரசுப் பணியாளருக்கு ஒவ்வாத வகையில் மகிழ்ச்சியுடன் காணப்பட்டதாகத் தெரியவருகிறது. இதற்குத் தங்கள் விளக்கம் என்ன?

கண்காணிப்பாளர் சுடர்விழி அதைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். வயதில் இளையவள். அதிகாரத்தில் மூத்தவள். ஆரோக்கியம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, முப்பத்தொண்ணுக்குள்ள இத முடிக்கணும். இல்லைன்னா தெரியும்ல?"

தெரியாமல் என்ன. குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும் ஊழியரை ஓய்வு பெற விடமாட்டார்கள். கடைசி நாள் சாயங்காலம், பூமாலை மேஜையில் இருக்கும், மிக்சர் பொட்டலம் பிரித்தபடி இருக்கும், அப்போது ஒரு கவர் வரும். பிரித்தால் சஸ்பென்ஷன். வருஷக்கணக்கில் விசாரணை நடக்கும். அதுவரை ஊரை விட்டு நகரக் கூடாது. இதே அலுவலகத்தில் இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். ஒருவர் மாலையைப் பூக்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

துணை இயக்குநர் குழந்தைசாமியை விசாரணை அதிகாரியாகப் போட்டார்கள். நல்ல மனுஷன். ஈயைக்கூட உரிய வழியில் விண்ணப்பம் வந்தால்தான் விரட்டுவார். முதல் நாள் விசாரணையில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இந்த வெளையாட்ட எப்படிம்மா வெளையாடுறது?"

"எனக்குத் தெரியாதுங்க சார். மவுஸையே நான் தொட்டதில்ல."

குழந்தைசாமி பேனாவை வைத்துவிட்டார். ஒரு விளையாட்டை விளையாடியதாகக் குற்றச்சாட்டு. அதை எப்படி விளையாடுவது என்று குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியாது, விசாரிப்பவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி விசாரிப்பது விதிக்கு முரண். தெளிவுரை கேட்டுச் சென்னைக்கு எழுதினார். ஆரோக்கியம்மாள் தேதியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. விசாரணை அதிகாரி மேற்படி விளையாட்டை, அரசுக்குக் கூடுதல் செலவின்றி, தாமே கற்றுக்கொள்ளலாம். கற்கும் நேரம் பணிக்காலமாகக் கருதப்படும்.

அதிலிருந்து காலை பத்து மணிக்குக் குழந்தைசாமி ஆரோக்கியம்மாளின் நாற்காலியில் வந்து உட்காருவார். கம்ப்யூட்டரும் மவுஸும் சான்றுப்பொருள். அதனால் அரக்கு முத்திரையை உடைத்துத் திறந்து, சாயங்காலம் மறுபடி முத்திரை வைப்பார்கள். சான்றுப்பொருளைக் கையாளும்போது குற்றம் சாட்டப்பட்டவர் கூடவே இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே பத்திலிருந்து ஐந்தே முக்கால் வரை அவர் விளையாட, பக்கத்து ஸ்டூலில் ஆரோக்கியம்மாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுந்து போனால் ஒத்துழைக்க மறுத்ததாக இன்னொரு குறிப்பாணை வரும்.

முதல் இரண்டு நாள் குழந்தைசாமிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் முகம் தெளிந்தது. சுடர்விழியைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்.

"எழுதும்மா. ஒரு கட்டைக்கு மேல இன்னொரு கட்டை ஒக்காந்திருந்தா, அது நகராது. மேல எதுவும் இல்லாட்டியும், எடது பக்கமோ வலது பக்கமோ ஒரு பக்கமாச்சும் காலியா இருக்கணும். அதுவும் இருந்தாலும் போதாது. அதே படம் போட்ட இன்னொரு கட்டை, அதுவும் இதே மாதிரி விடுபட்டு நிக்கணும். அப்பத்தான் ரெண்டும் சேந்து போகும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது.

"சுடர்விழி, இது வெளையாட்டு இல்லம்மா. இது நம்ம டிபார்ட்மெண்டு. என் புரமோஷன் பைலு பதினோரு வருஷமா இப்படித்தான் கெடக்கு. மேல ஒண்ணு ஏறி ஒக்காந்திருக்கு."

விதிகள் தயாரானதும் நீக்கப்பட்ட கட்டைகள் பதிவேடு திறந்தார்கள். ஒரு ஜோடி மறைந்தால் நேரம், படம், காரணம், சுருக்கொப்பம். இதில் பூப் படத்தில் வந்து மாட்டினார்கள். மஞ்சள் பூவும் சிவப்புப் பூவும் ஜோடி சேர்ந்து போய்விட்டன. படம் வேறு, ஆனாலும் போய்விட்டன. குழந்தைசாமி அரை நாள் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இது விதிமீறல். எழுதுங்க, இயந்திரம் விதிய மீறிருச்சு."

பூ என்றால் எந்தப் பூவும் எந்தப் பூவோடும் சேரும் என்பது ஸ்டூலில் இருந்த ஆரோக்கியம்மாளுக்கு அதற்கு முந்தின நாளே தெரிந்துபோயிருந்தது. வாயைத் திறக்கப் போனாள். சுடர்விழி மேஜைக்கு அடியில் காலை மிதித்தாள். பிறகு தண்ணீர்க் குடத்தருகே தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"அக்கா, ஒங்களுக்கு வெளையாடத் தெரியாதுங்கிறதுதான் கேஸே. அதுல ஒரு எழுத்து தெரியும்னு காட்டிக்கிட்டாலும் முடிஞ்சுது. கண்ண மூடிக்கங்க."

"மூடுனா ஒத்துழைக்கலம்பாங்களே."

"அப்ப தொறந்துக்கிட்டே பாக்காம இருங்க."

இதற்கிடையில் கொடும்பாளூர்ப் பக்கமிருந்து ஆண்டிச்சாமி என்கிற விவசாயி வந்தார். அவர் வயலின் மேற்குக் கல்லைப் பக்கத்து வயல்காரர் பிடுங்கி வரப்புக்குப் படி கட்டிவிட்டார். துணை இயக்குநர் விசாரணையில் இருக்கிறார் என்றார்கள். ஆண்டிச்சாமி பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஐயா, அங்கிட்டு ஓரத்துல ரெண்டு மூங்கிலு சும்மா நிக்குதே, எடுக்கலாம்ல?"

எடுத்தார். போயிற்று. உடனே ஆண்டிச்சாமியைச் சாட்சி எண் இரண்டாகப் பதிவு செய்து, மறுநாளும் வரச் சொல்லி சம்மன் கொடுத்தார்கள். மறுநாள் வாக்குமூலத்தில் அவர் சொன்னது முழுவதும் இவ்வளவுதான்: "என் கல்ல நட்டுக் குடுங்க." அது விசாரணைக்குத் தொடர்பற்றது என்று அடித்துவிட்டுக் கைரேகை வாங்கினார்கள்.

மே இருபதுக்கு மேல் அலுவலகமே மாறிப்போனது. விசாரணை அதிகாரியின் விதிகள் சரியா என்று சரிபார்க்க ஒவ்வொரு பிரிவுக்கும் சான்றுப்பொருளின் நகல் ஒன்று ஏற்றிக் கொடுத்தார்கள். மற்ற பதினைந்து பேரும் சரிபார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்திலும் சரிபார்த்தார்கள். ஜீப் ஓட்டுநர் சரிபார்த்த வேகத்தைப் பார்த்து அவரைப் பதிவேட்டின் பொறுப்பாளராக நியமித்தார்கள். கட்டிடம் முழுக்க டக் டக் என்று தறிக்கொட்டகைச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே விளையாடாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஒரே ஆள், விளையாடியதற்காகக் குற்றம் சாட்டப்பட்டவள்.

சும்மா இருந்தாள் என்றா சொன்னேன்? உடம்பு சும்மா இருந்தது. கண்ணும் மனசும் இருக்கவில்லை. குழந்தைசாமி நல்ல கட்டையை விட்டுவிட்டு ஆகாத கட்டையை எடுக்கும்போது அவளுக்கு விரல் நுனி ஊறியது. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி நூல் பிரிந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டில் ஒரே மாதிரி சேலை கட்டிய இரண்டு பெண்கள். ஒருத்திக்கு ஜன்னல் ஓரம் காலி, இன்னொருத்தி நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், நகராது என்று மனசு கணக்குப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பீடத்து மெழுகுவர்த்திகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். பயந்துபோய்ப் பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியார் முன்னால் முட்டி போட்டாள்.

"சாமி, எனக்குக் கட்டை வெளையாட்டு தெரிஞ்சுபோச்சு சாமி."

"அது பாவமில்லம்மா."

"பாவம்னா பரவாயில்ல சாமி, மன்னிச்சிருவீங்க. இது குற்றச்சாட்டு."

சாமி மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லும்போதும் அவளுக்கு இரண்டு சொன்னதும் ஜோடி முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது தனியாக நின்றது.

ஷர்லி தினமும் கூப்பிட்டாள். "அம்மா, காலு ரொம்ப வீங்குது. ஒங்க மருமகன் பெலிக்ஸு லீவு கேட்டா கெடைக்காதும்மா. நீங்க வந்துருவீங்கள்ல?" வந்துவிடுவேன், விசாரணை முடியப்போகிறது என்பாள் ஆரோக்கியம்மாள். உண்மையில் முடியத்தான் போனது. இருபத்தொன்பதாம் தேதி குழந்தைசாமி நாற்பத்திரண்டு பக்க அறிக்கையை முடித்தார். குற்றம் சாட்டப்பட்டவர் மேற்படி விளையாட்டை இதுவரை ஒருபோதும் அறிந்தவரல்லர் என்பது ஐயமின்றி நிறுவப்படுகிறது. ஆரோக்கியம்மாள் அதைப் படித்துவிட்டு, முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக, தன்னைப் பற்றி அரசு எழுதிய ஒரு நல்ல வார்த்தை என்று நினைத்து அழுதாள்.

முப்பத்தொன்று. மாலை வாங்கி வந்துவிட்டார்கள். மிக்சர், ஜிலேபி, டீ. ஓய்வு ஆணையில் கையெழுத்துப் போட சிவசாமி சென்னையிலிருந்து நேரில் வந்திருந்தார். இந்த வழக்கு துறைக்கே முன்மாதிரி என்பதால் இரண்டு நிமிடம் பேசினார். அது அரை மணி நேரம் ஆனது.

"ஒரு சின்ன வெளையாட்டு வழக்குக்காக இந்த ஆபீஸ் இருபத்தஞ்சு நாள் ஒரு பைலையும் தொடல. இதுதான் கடமை உணர்வு! நான் பெருமைப்படுறேன். கல்லு காணாமப் போன புகார் இந்த மாசம் ஒண்ணுகூட தீக்கப்படல. அதனால தப்பாத் தீத்த புகாரும் ஒண்ணுகூட இல்ல!"

கைதட்டினார்கள். மணி ஐந்து. சிவசாமி பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிறுத்தினார்.

"குழந்தைசாமி, இது வெளையாடக்கூடிய வெளையாட்டுதான்னு நாளைக்கி எவனாச்சும் கேட்டா? ஒரு ஆட்டத்த என் முன்னாடி முழுசா முடிச்சுக் காட்டுங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன். ஆறு மணிக்கு எனக்குத் திருச்சி கெளம்பணும்."

குழந்தைசாமி உட்கார்ந்தார். பக்கத்து ஸ்டூலில் விதிப்படி ஆரோக்கியம்மாள். பின்னால் அலுவலகம் முழுக்க. முதலில் வேகமாகப் போயிற்று. நூறு கட்டை போனது. மணி ஐந்து இருபது. அதன் பிறகு மெதுவாயிற்று. பெரிய அதிகாரியின் மூச்சு பிடரியில் பட்டதால் குழந்தைசாமிக்குக் கண் மங்கியது. பதினாறு கட்டை மீதி இருக்கும்போது அப்படியே நின்றுவிட்டார். ஐந்து முப்பது.

"முடியலைன்னா விடுங்க," என்றார் சிவசாமி. "ஜூலை கடைசியில மறுபடி வருவேன். அப்பப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் ஆணை நிலுவையில இருக்கட்டும்."

ஆரோக்கியம்மாள் சிவசாமியைத் திரும்பிப் பார்த்தாள். ஜூலை. ஜூன் எட்டாம் தேதி ஷர்லி ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடப்பாள். திரையில் வழி பளிச்சென்று இருக்கிறது, இந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. ஐந்து முப்பத்து நாலு. அவர் மவுஸ், போகக் கூடாத ஒரு வட்டத்தின் மேல் போய் நின்றது. அதை எடுத்தால் ஆட்டம் அதோடு முடங்கிவிடும். பேனாவை மூடும் சத்தம் பின்னால் கேட்டது.

"சார், அது வேணாம்!" அவள் விரல் திரையில் இருந்தது. "அந்த வட்டத்த எடுத்தா அடியில இருக்கது மாட்டிக்கும். மொதல்ல எடது ஓரத்துல அந்த ரெண்டு பூவயும் எடுங்க. ம். இப்ப மூங்கிலு வெளிய வந்துச்சா? அதுக்கு ஜோடி வலது கோடியில. இப்ப அந்த வட்டம். இனி எதத் தொட்டாலும் போயிரும் சார், பயப்படாம எடுங்க."

எடுத்தார். டக், டக், டக். திரை காலியாயிற்று. கலர் கலராகப் பூ சிதறியது. அலுவலகம் ஆர்ப்பரித்தது. சிவசாமியும் தட்டினார். ஆரோக்கியம்மாளும் தட்டினாள். அவள் கைதான் முதலில் நின்றது. சுடர்விழி முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

சிவசாமி அருகில் வந்தார். குரலில் கோபமே இல்லை.

"அம்மா, என் சர்வீஸ்ல இவ்வளவு நுணுக்கமா யோசிச்சு ஒரு வேலைய முடிச்ச அரசு ஊழியர நான் பாத்ததே இல்ல. மனசாரப் பாராட்டுறேன். குழந்தைசாமி, அந்த இன்னொரு கவர எடுங்க."

"சார், இங்க ஒக்காத்தி வச்சீங்க, பாத்தேன். பாத்துப் பாத்துத்தான் சார் தெரிஞ்சுச்சு. ஆறாம் தேதி எனக்குத் தெரியாது சார். எம்மக தனியா இருக்கா சார்!"

"ஆறாம் தேதி தெரியாதுங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. இன்னைக்கித் தெரியுங்கிறதுக்குப் பதினேழு சாட்சி இருக்கு."

ஐந்து நாற்பத்திரண்டுக்குச் சஸ்பென்ஷன் ஆணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அலுவலக நேரம் முடிய மூன்று நிமிடம் மீதி இருந்தது. விசாரணை முடியும்வரை தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது. அதற்குள் யாரோ ஜிலேபித் தட்டை மூடி வைத்தார்கள். பின் வரிசையில் இரண்டு பேர், அந்தப் பூவை முதலில் எடுத்தது நல்ல யோசனைதான் என்று மெல்லப் பேசிக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் குளத்தூர்ப் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது. வந்துவிடுவீர்கள்தானே என்று ஷர்லி கேட்டாள். கவர் கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் ஆரோக்கியம்மாளால் சொல்ல முடிந்தது.

மகள் அழுகிற குரலில் கேட்டாள்.

"அப்படி என்னம்மா தப்பு பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலடி," என்றாள் ஆரோக்கியம்மாள். "ஆட்டம் நின்னுபோச்சு. ஒங்கிட்ட வரணும்கிற அவசரத்துல முடிச்சு வச்சிட்டேன்."